பூஜை போட்ட பிரிண்டர்

திண்டிவனத்தில் அந்தத் தெருவில் கிருஷ்ணவேணிக்குப் போட்டோ பைத்தியம் என்று பெயர். சும்மா சொல்லக் கூடாது, பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். சோப்பு டப்பாவைப் போட்டோ எடுப்பாள். கக்கூஸ் கதவைப் போட்டோ எடுப்பாள். ஆட்டோ வந்து நின்றால் ஏறுவதற்கு முன்னால் ஆட்டோவை ஒரு போட்டோ, டிரைவரை ஒரு போட்டோ. முடி வெட்டுகிற கடைக்காரரைக் கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கச் சொல்லி எடுத்ததில், அந்த மனுஷர் இன்றைக்கும் அவளைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

எல்லாம் மகளுக்காக. கலைப்பிரியாவுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது, பேச்சு வரவில்லை. காதுக்கு ஒரு குறையும் இல்லை. மொட்டை மாடியில் இருந்தாலும் அடுக்களையில் பிஸ்கட் பாக்கெட் பிரிக்கிற சத்தம் அவளுக்குக் கேட்டுவிடும். சொல்தான் அவளிடம் நிற்பதில்லை, படம் நிற்கும். வாரா வாரம் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறிப் போய், அங்கே ஒரு பயிற்சி மையத்தில் வேணி கற்றுக்கொண்டு வந்த வழி அது. அடுத்தடுத்து என்ன நடக்கப்போகிறதோ அதையெல்லாம் போட்டோ அட்டைகளாக ஒரு பட்டையில் வரிசையாக ஒட்டிக் காட்ட வேண்டும். பல் தேய்ப்பது, குளிப்பது, இட்லி, ஊஞ்சல். ஒன்று முடிந்தால் அந்த அட்டையைப் பிய்த்துப் பையில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். அவளுக்கே ஏதாவது வேண்டுமென்றால் அந்த அட்டையை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைப்பாள். வைத்துவிட்டு விரல்களையும் மடக்கிவிடுவாள், அம்மா கீழே போட்டுவிடக் கூடாதே என்று.

அட்டை இருந்தால் நம் எல்லாரையும்விடப் பாப்பா ஒழுங்கு. அட்டை இல்லாத காரியம் ஒன்று திடுதிப்பென்று வந்தால் போச்சு. காதைப் பொத்திக்கொண்டு உட்காருவாள், பிறகு தலையைத் தரையில் இடித்துக்கொள்வாள். வீட்டுக்குப் பிரிண்டர் வந்தது இதனால்தான். முதலில் ஜெராக்ஸ் கடையில்தான் எடுத்தாள். கக்கூஸ் போட்டோவைக் கலரில் எடுக்கிற பொம்பளையைப் பற்றி அந்தக் கடைக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்ததும் மானம் போய்விட்டது. விழுப்புரத்தில் ஒரு கடையில் மை ஊற்றுகிற பிரிண்டராகப் பார்த்து வாங்கினார்கள். கடையிலிருந்து சீனுவாசன் என்கிற பையன் வந்து மாட்டிக் கொடுத்துவிட்டு, வாரத்துக்கு ஒரு தாளாவது கலரில் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மை பீச்சுகிற ஹெட் காய்ந்து அடைத்துக்கொள்ளும் என்று எச்சரித்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து வேணி அதை ஒரு விரதமாகவே கடைப்பிடித்தாள். செவ்வாய்க்கிழமை வந்தால் அந்தத் தாள் தவறாது.

பெருமுக்கல் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிற குடும்பத்தில் பிறந்தவள் வேணி. மயிலத்தில் காலேஜ் படித்து, திண்டிவனத்தில் ஓர் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பாப்பாவுக்குப் பேச்சு வராது என்று தெரிந்த பிறகு வேலையை விட்டாள். அவள் புருஷன் குமரேசன் மோட்டார் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறான். எரிந்துபோன மோட்டார் எதுவாக இருந்தாலும் சரிசெய்துவிடுவான். மகள் விஷயத்தில் மட்டும் எங்கே கை வைப்பது என்றே அவனுக்குத் தெரியவில்லை. அதனால் வேணி சொல்வதைச் செய்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவான்.

இப்போது வேணியைத் தூங்கவிடாமல் அடித்துக்கொண்டிருந்தது பள்ளிக்கூடம். முன்பு சேர்த்த பள்ளியில் சாப்பாட்டு மணி வரைக்கும்கூடப் பாப்பா தாங்கவில்லை. மணி அடித்த சத்தத்தில் தலையை இடித்துக்கொண்டு ரத்தம் வந்துவிட்டது. நாளையிலிருந்து அனுப்ப வேண்டாம் என்பதை அவர்கள் நேரில்கூடச் சொல்லவில்லை, வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளத்தான் சட்டம் சொல்கிறது. ஆனால் சட்டம் வந்து பாப்பா பக்கத்தில் பெஞ்சில் உட்காராது.

பிறகு ஊருக்கு வெளியே ஒரு சின்னப் பள்ளியைக் கண்டுபிடித்தாள். அங்கே தலைமையாசிரியை சவுரியம்மாள் பட்டென்று பேசுகிறவர், ஆனால் முகத்தைச் சுளிக்கவில்லை. விஜயதசமி அன்று பள்ளி விடுமுறைதான் என்றாலும் சேர்க்கைக்காகக் காலை ஒன்பது மணிக்குத் திறப்பார்கள். புதிதாகச் சேர்கிற பிள்ளைகளை ஒரு மணி நேரம் வகுப்பில் உட்காரவைத்துப் பார்ப்பது அவர் வழக்கம்.

"கொண்டாங்க, உக்காரட்டும். உக்காந்துட்டாள்னா சேத்துக்கறேன். இல்லன்னா கோச்சிக்காதீங்கம்மா, என்கிட்ட இருக்கறதே ரெண்டு டீச்சருங்க. என்னால முடியாது" என்றார்.

அந்த ஒரு மணி நேரத்துக்கு வேணிக்கு அட்டைகள் வேண்டும். பள்ளியின் கேட், வகுப்பு பெஞ்சு, மணி, டீச்சர். எல்லாவற்றையும் போட்டோ பிடித்து அனுப்ப முடியுமா என்று கூச்சத்தோடு கேட்டாள். சவுரியம்மாள் சிரிக்கவில்லை. ஆனால் வகுப்பெடுக்கப் போகிற கலையரசி டீச்சர் வேலைக்குப் புதுசு, ஊரிலிருந்து ஆயுத பூஜை அன்றுதான் வருகிறார், வந்ததும் எடுத்து அனுப்புகிறேன் என்றார். சொன்னபடியே அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குப் போட்டோக்கள் வந்தன. கலையரசி டீச்சர் கரும்பலகைக்கு முன்னால் விறைப்பாக நின்றுகொண்டு, யாரோ சொன்னதற்காகக் கொஞ்சமாகச் சிரித்திருந்தார். வேணிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அது கொஞ்ச நேரம்தான் நிலைத்தது.

அன்று காலை குமரேசன் பூஜை போட்டிருந்தான். அவனுக்கு வருஷத்தில் ஒரு நாள்தான் பக்தி வரும், ஆனால் வந்தால் யாரும் குறுக்கே நிற்க முடியாது. பட்டறையில் பூசணிக்காய் உடைத்துவிட்டு, மீதிச் சந்தனத்தையும் குங்குமத்தையும் கிண்ணத்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவான். வீட்டில் ஒயர் உள்ள எந்தச் சாமானும் அவனிடமிருந்து தப்பாது. பிரிட்ஜ், மிக்சி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் மோட்டாரின் சுவிட்சு, எல்லாவற்றுக்கும் பொட்டு. வேணியின் லேப்டாப்புக்கும் பிரிண்டருக்கும் பொட்டோடு ஆளுக்கு ஒரு சாமந்திப்பூ.

பூஜை போட்ட சாமானை அன்றைக்கு எடுத்து வேலை செய்யக் கூடாது. மறுநாள் விஜயதசமிக்கு இன்னொரு கற்பூரம் காட்டிய பிறகுதான் தொட வேண்டும். ஊர் முழுக்க அப்படித்தான். வேணி பிரிண்டரின் பூவை எடுத்து ஓரமாக வைத்ததைப் பார்த்ததும் குமரேசனின் முகம் மாறியது. இன்னிக்கு வேண்டாமே என்றான். ஒரே ஒரு தாள்தான், பாப்பாவுக்காக என்றாள். பாப்பா பேரைச் சொன்ன பிறகு அவன் எதிர்த்துப் பேசுவதில்லை. தலையணையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டான்.

வேணி சுவிட்சைப் போட்டாள். உள்ளே ஹெட் கொஞ்ச தூரம் நகர்ந்தது, டக்கென்று ஒரு சத்தம், நின்றுவிட்டது. விளக்குகள் எல்லாம் சேர்ந்து மினுக்கத் தொடங்கின. லேப்டாப்பில் ஒரு சின்னக் கட்டம் வந்து, பிரிண்ட் ஹெட்டில் கோளாறு, அணைத்துவிட்டு மறுபடி போடவும் என்றது. அணைத்துவிட்டுப் போட்டாள். கொஞ்ச தூரம், டக். ஒயரைப் பிடுங்கிச் சிறிது நேரம் ஆறவிட்டு மறுபடி மாட்டினாள். அப்போதும் அதேதான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று இரண்டு செவ்வாயாக அவள் ஒரு தாளும் எடுக்கவில்லை. சீனுவாசன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தானே. மை காய்ந்திருக்கும், ஹெட் அடைத்திருக்கும். எந்த நாளில் தேவையோ அந்த நாளில் கைவிடுகிற மாதிரி, தானே செய்துவைத்த வினை. இந்த எண்ணம் வந்த பிறகு அவளுக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

நெட்டில் தேடினாள். தாள் சிக்கியிருக்கிறதா பார் என்றார்கள், மூடியைத் திறந்து பார்த்தாள், ஒரு துணுக்கும் இல்லை. ஹெட்டைச் சுத்தம் செய்கிற கட்டளையைக் கொடு என்றார்கள், கோளாறைச் சரிசெய்துவிட்டு வா என்று பிரிண்டர் மறுத்தது. அந்தக் கோளாறைச் சரிசெய்யத்தானே சுத்தம் செய்யச் சொல்கிறேன் என்று அதனிடம் வாதாடவா முடியும்? இந்தியில் ஒருவரும் தெலுங்கில் ஒருவரும் வீடியோ போட்டிருந்தார்கள். பாஷை புரியவில்லை, கை புரிந்தது. ஹெட் நடுவில் நிற்கும்போது ஒயரைப் பிடுங்கிவிட்டு, மடித்த டிஷ்யூ தாளை வெந்நீரில் நனைத்து அதன் அடியில் வைக்க வேண்டும், காய்ந்த மை ஊறி இறங்கும்.

அவர்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. பாத்திரத்தில் காய்ந்தாலே வெள்ளைப் படலம் கட்டும். அதை ஹெட்டுக்குக் கொடுத்தால் இருக்கிற உயிரும் போய்விடும் என்று கேன் தண்ணீரைச் சூடாக்கி நனைத்தாள். எடுத்துப் பார்த்தால் கறுப்பும் நீலமும் மஞ்சளும் சிவப்பும் தாளில் அழகாக இறங்கியிருந்தன. அடைப்பு இருந்தால் இப்படியா இறங்கும் என்று நிதானமாக இருந்தால் அவளே கேட்டிருப்பாள். பயத்தில் இருந்தவள், போதவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு தாளை நனைத்தாள்.

பாப்பா வந்து ஊஞ்சல் அட்டையைக் கையில் வைத்தாள். அந்த நேரத்துக்கு அவள் மொட்டை மாடி ஊஞ்சலில் இருக்க வேண்டும். வேணி அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு, கொஞ்சம் பொறு கண்ணு என்றாள். பாப்பா அதை எடுத்து மறுபடியும் கையில் வைத்து விரல்களை மடக்கினாள். மைக் கறை படிந்த விரல்கள் மடங்கவில்லை. மறுபடியும் முயன்றாள். கேட்டால் கிடைக்கும் என்றுதான் இரண்டு வருஷமாக அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள் வேணி. இன்று கேட்டும் கிடைக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்க வேணிக்குத் தைரியம் வரவில்லை. குமரேசனை எழுப்பி, பாப்பாவை மாடிக்குக் கூட்டிப் போகச் சொன்னாள்.

டிஷ்யூ தாளை எடுத்துவிட்டு மறுபடி சுவிட்சைப் போட்டாள். கொஞ்ச தூரம், டக். சீனுவாசனுக்குப் போன் போட்டாள். மயிலம் மலையில் குடும்பத்தோடு சாமி கும்பிட வரிசையில் நிற்கிறானாம், பின்னால் ஒரே மேளமும் கூச்சலும். அவள் சொன்னதைப் பாதிதான் கேட்டான். கேட்டவரைக்கும் அவன் தீர்ப்பு தயாராக இருந்தது.

"அது ஹெட்டு போயிடுச்சிக்கா. அந்த மாடலே பேஜாரு. புது ஹெட்டுதான் மாத்தணும். லீவு முடிஞ்சி திங்கக்கிழம கடைக்கு எடுத்துக்கினு வாங்க, பாத்துடலாம்."

வேணிக்கு நாளைக் காலை ஒன்பது மணிதான் தெரிந்தது. அதற்குப் பிறகு திங்கள்கிழமை என்று ஒன்று வருகிறதா என்ன?

பிறகு அவள் மனசு போகாத வழியெல்லாம் போனது. போனிலேயே படத்தைக் காட்டிப் பார்த்தாள். பாப்பா போனைப் பிடுங்கித் தன் பாட்டு வீடியோவுக்குப் போய்விட்டாள், போன் என்றால் அவளுக்கு அதுதான். டீச்சரின் முகத்தை ஸ்கெட்ச் பேனாவால் தாளில் வரைந்து பார்த்தாள். பாப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தரையில் வைத்தாள். வரைந்த படத்தை அவள் எப்போதும் மதித்ததில்லை, அதுவும் அம்மா வரைந்தது டீச்சர் மாதிரியும் இல்லை, மனுஷி மாதிரியும் இல்லை. குமரேசன் பென் டிரைவை எடுத்துக்கொண்டு பைக்கில் ஊரைச் சுற்றிவிட்டு வந்தான். எல்லாக் கடையிலும் ஷட்டருக்குக் குங்குமம் தெளித்து இறக்கியிருந்தார்கள். ஒரு கடையில் மட்டும் ஆள் இருந்தார். மெஷின் பூஜையில் இருக்கு, நாளைக்குப் பத்து மணிக்கு மேல வாப்பா என்று அனுப்பிவிட்டார்.

"சொன்னேன் இல்ல, இன்னிக்கி தொடாதேன்னு" என்று குமரேசன் மெதுவாகச் சொன்னான். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, அவனுக்கே உள்ளுக்குள் பயம். வேணிக்கு அது தாங்கவில்லை. சாமிக்குக் கோபம் என்றால் தன்மேல் காட்டட்டும், பேசத் தெரியாத குழந்தைமேலா காட்ட வேண்டும் என்று அழுதுவிட்டாள். படித்தவள், இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாதவள் என்றுதான் தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சாயங்காலம் எல்லாவற்றையும் நம்பினாள்.

அவள் அழுததைப் பார்த்ததும் குமரேசனுக்கு ஒரு யோசனை வந்தது. கோட்டக்குப்பத்தில் பாய்மார்கள் கடை இருக்கும், அவர்களுக்கு ஆயுத பூஜை ஏது, கட்டாயம் திறந்திருக்கும். போய் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றான். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் வானம் இருட்டிக்கொண்டு வந்திருந்தது, தூறலும் ஆரம்பித்துவிட்டது. பாண்டிச்சேரி பக்கம் வரைக்கும் பைக்கில் போய்த் திரும்ப வேண்டும், பண்டிகை நாளில் குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு நடுவே. போகாதீர்கள் என்று சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை, போங்கள் என்று சொல்லவும் வரவில்லை. அவன் ரெயின் கோட்டைத் தேடிக்கொண்டு உள்ளே போனான்.

கோட்டு எங்கே என்று அவன் கேட்டுக்கொண்டிருந்தான். இவள் கடைசியாக ஒரு தடவை என்று பிரிண்டர் மூடியைத் தூக்கினாள். இந்த முறை ஹெட்டைத் தொடவில்லை. ஒரு கையில் போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டுவிட்டு, அது எப்படி ஓடுகிறது என்று மட்டும் பார்த்தாள். வலது மூலையிலிருந்து புறப்பட்டது, நன்றாகத்தான் வந்தது, ஓர் இடத்தில் தடுமாறி நின்றது. அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். அதே இடம். இன்னொரு தடவை. அதே இடம். அடைத்த ஹெட்டுக்கு இடம் என்ன தெரியும்? அடைத்தால் படம்தான் வராது, ஓட்டமுமா நிற்கும்?

அந்த இடத்தில் வெளிச்சத்தை அடித்துக் குனிந்து பார்த்தாள். ஹெட் ஓடுகிற பாதைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய நாடா, இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இழுத்துக் கட்டியிருந்தது. மத்தியானம் நெட்டில் ஏதோ ஒரு பக்கத்தில் படித்துவிட்டு வேண்டாததென்று தள்ளிய வரி இப்போது ஞாபகம் வந்தது. அந்த நாடாவில் கண்ணுக்குத் தெரியாத கோடுகள் இருக்கின்றன, அவற்றைப் படித்துத்தான் ஹெட் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளும், அதில் அழுக்குப் பட்டால் வழி தெரியாமல் நின்றுவிடும். மெஷினுக்கு அதைச் சொல்லத் தெரியாது, ஹெட்டில் கோளாறு என்று மட்டும்தான் சொல்லும். அந்த நாடாவின்மேல் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனமும் குங்குமமும் காய்ந்து அப்பியிருந்தன.

வேறு யார்? காலையில் குமரேசன் மூடிக்கு வெளியே பொட்டு வைத்ததோடு விடவில்லை. வேலை செய்கிற ஜீவன் உள்ளேதானே இருக்கிறது, வெளியே மட்டும் வைத்தால் என்ன புண்ணியம் என்று மூடியைத் தூக்கி ஹெட்டின் நெற்றியிலும் ஒன்று வைத்திருக்கிறான். மோட்டாருக்கு அப்படி வைத்துப் பழகிய கை. வைத்துவிட்டு எடுக்கும்போது கட்டைவிரல் பின்னால் இருந்த நாடாவில் பட்டிருக்கிறது.

வேணி ஈரத் துணியை எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றது. சாமிக்கு வைத்த குங்குமத்தை, அதுவும் பூஜை முடியாத நாளில், தன் கையால் அழிப்பதா? காலையிலிருந்து பட்டது போதாதா? இன்னும் ஏதாவது வந்து பாப்பா தலையில் விழுந்தால்? துணியும் கையுமாக அவள் நின்றுகொண்டிருந்தபோது குமரேசன் ரெயின் கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"ஏங்க, ஹெட்டுக்கு ஒண்ணும் ஆவல" என்றாள். "நீங்க வெச்ச பொட்டுதான்."

அவன் குனிந்து பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். மோட்டாரைப் பிரித்து வைத்துக்கொண்டு எங்கே எரிந்தது என்று பார்க்கிறவன், தன் கட்டைவிரல் ரேகையையே அங்கே பார்த்தான். அவன் முகம் செத்துப்போய்விட்டது. பாப்பாவுக்கு அவனாகச் செய்ய முடிந்த காரியங்கள் கொஞ்சம், அந்தக் கொஞ்சத்தில் ஒன்று இப்படி ஆகிவிட்டது. கோபமாக ஏதாவது சொல்லலாம் என்று வேணியின் நாக்குவரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு அதை விழுங்கிவிட்டாள்.

"நீ தொடாத" என்றான் அவன். "வெச்சவன் நானு. நானே தொடைக்கறேன்."

ரெயின் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. துணியைப் பிழிந்து, நாடாவின் அடியில் ஒரு விரலைத் தாங்கலாகக் கொடுத்து, மேலே மெதுவாக ஒற்றி ஒற்றி எடுத்தான். இழுத்துவிட்டால் கொக்கியிலிருந்து கழன்றுவிடும், கழன்றால் அதோடு கதை முடிந்தது என்று வேணி பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குங்குமச் சிவப்பு லேசில் போகவில்லை. துணியை மாற்றி மாற்றித் துடைத்தான். நடுவில் அவன் உதடு அசைந்தது. யாரிடம் மன்னிப்புக் கேட்கிறான் என்று அவள் கேட்கவில்லை. கடைசியில் உலர்ந்த துணியால் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை துடைத்துவிட்டுக் கையை எடுத்தான்.

சுவிட்சைப் போட்டதும் ஹெட் புறப்பட்டது. அந்த இடத்தைத் தாண்டியது. இடது மூலைவரை போய்த் திரும்பி வந்து தன் இடத்தில் அமர்ந்தது. விளக்கு மினுக்குவதை நிறுத்தியது. குமரேசன் நாற்காலியில் உட்கார்ந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதோடு தொல்லை விட்டதா என்றால், இல்லை. சாதாரணத் தாளில் சோதனைக்கு எடுத்தபோது கலையரசி டீச்சர் பச்சை முகத்தோடு வந்தார். வெந்நீர் வைத்தியத்தில் சிவப்பு மை கண்டபடி வழிந்துபோயிருந்தது. பச்சை டீச்சரைக் காட்டிவிட்டு நாளைக்கு மாநிறத்தில் ஒருவர் வந்து நின்றால் பாப்பா நிச்சயம் நம்ப மாட்டாள். ஹெட்டைச் சுத்தம் செய்கிற கட்டளையைக் கொடுத்துவிட்டு வேணி காத்திருந்தாள், இந்த முறை மறுக்காமல் செய்தது. அடுத்த தாளில் முகம் தேறிவிட்டது, கன்னத்தில் மட்டும் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. போட்டோ தாள் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். மனசைத் திடப்படுத்திக்கொண்டு அதை வைத்தாள். கேட், டீச்சர், பெஞ்சு, மணி, கேரியர் டப்பா, கடைசியாக அம்மா, எல்லாம் கோடு இல்லாமல் வந்தன. அட்டையில் ஒட்டி, டேப் போட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பட்டையில் வரிசையாக மாட்டிவிட்டாள். பாப்பா டீச்சரை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, மாட்டிய இடத்திலேயே மாட்டினாள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று வேணிக்குத் தெரியவில்லை. விடிகிறவரைக்கும் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ஆட்டோவில் பாப்பா பட்டையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பள்ளி வந்ததும் கேட்டைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், பிய்த்துப் பையில் போட்டாள். கலையரசி டீச்சர் வேறு புடவையில் வந்ததும் வேணிக்குப் பகீரென்றது. பாப்பா முகத்துக்கும் அட்டைக்குமாக இரண்டு மூன்று தடவை பார்த்தாள். பிறகு டீச்சரையும் பையில் போட்டுவிட்டு, பெஞ்சைத் தேடிக்கொண்டு உள்ளே நடந்தாள். வேணியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெற்றவர்கள் வெளியே இருங்கள் என்று சவுரியம்மாள் கதவைச் சாத்தினார்.

சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் மற்ற தாய்மார்களோடு வேணியும் நின்றாள். குமரேசன் பட்டறையில் கற்பூரம் காட்டிவிட்டு ஓடி வந்து கேட் பக்கம் நின்றான். புதுப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு ராகத்தில் அழுதார்கள். ஒவ்வோர் அழுகைக்கும் வேணிக்கு உயிர் போய் வந்தது. எதுவும் பாப்பாவின் குரல் இல்லை. அதுவும் அவளுக்குப் பயமாக இருந்தது, சத்தமில்லாமல் தலையை இடித்துக்கொண்டிருந்தால்? நடுவில் மணி அடித்தது. வேணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மணி ஓய்ந்த பிறகும் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. சவுரியம்மாள் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, உள்ளே வாங்க என்றார். அந்த முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

உள்ளே, பெஞ்சின் ஓரத்தில் காலை ஆட்டிக்கொண்டு பாப்பா உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் காயம் இல்லை. பட்டையில் மிச்சமிருந்தது ஒரே ஓர் அட்டை, அம்மா. வேணியைப் பார்த்ததும் அதையும் பிய்த்துப் பையில் போட்டாள். எல்லாம் முடிந்தது, போகலாம் என்று வேணி வழக்கம்போலக் கையை நீட்டினாள்.

பாப்பா கையைப் பிடிக்கவில்லை. பைக்குள் துழாவினாள். அட்டைகள் கீழே கொட்டின. குனிந்து பார்த்துப் பார்த்து ஒன்றை எடுத்து, நீட்டியிருந்த கையில் வைத்தாள். பெஞ்சு. தெரியாமல் எடுத்துவிட்டாள் என்று வேணி அதைப் பையில் போட்டுவிட்டு மறுபடியும் கையை நீட்டினாள். பாப்பா அதையே தேடி எடுத்து வைத்து, இந்த முறை அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். அந்தக் கையில் அவள் இதுவரை பிஸ்கட்டைக் கேட்டிருக்கிறாள், ஊஞ்சலைக் கேட்டிருக்கிறாள். அம்மா இல்லாத ஓர் இடத்தைக் கேட்டதில்லை.

"இன்னாம்மா கேக்குது புள்ள?" என்றார் சவுரியம்மாள்.

வேணி மடங்கிய விரல்களைத் திறந்து அட்டையைக் காட்டி, "இன்னும் கொஞ்ச நேரம் உக்காரணுமாம் டீச்சர்" என்றாள்.

உட்காரட்டும், நீங்கள் வெளியே இருங்கள் என்றார் அவர். வேணி தனியாக வெளியே வருவதைப் பார்த்ததும் குமரேசன் கேட்டிலிருந்து ஓடிவந்தான். அவன் முகம் நேற்றுப் போலவே வெளுத்திருந்தது.

"பாப்பா எங்க?"

"உள்ள இருக்குறா" என்றாள் வேணி. "நம்மள வெளிய இருக்கச் சொல்லிட்டா."